மேசை மேல் ஒரு 5ஜி: 38 மில்லி விநாடி எங்கே போகிறது?

5ஜி என்ற பேச்சை எடுத்தாலே ‘1 மில்லி விநாடி தாமதம்’ என்பதும் கூடவே வந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்களோடு சேர்ந்து ஒரு முழு 5ஜி வலையமைப்பை மேசை மேலேயே கட்டினோம். அதில் முதல் பிங் (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடியபோது திரையில் வந்த சராசரி 38 மில்லி விநாடி. போனின் இடத்தில் வைத்த மோடத்துக்கும், கோபுரத்தின் வேலையைச் செய்யும் பேஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்தது இரண்டு மீட்டர் கேபிள்தான். அதை மின்காந்த அலை கடக்க ஏறக்குறைய 10 நானோ விநாடி போதும். மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது? அதைத் தேடிப் போனதைத்தான் எழுதுகிறேன். கட்டிய விதத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படித்துவிட்டுத் தாங்களும் கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது உதவும்.

காற்றில் விடாமல், கேபிளில்

நாங்கள் எடுத்துக்கொண்டது என்78 என்ற 5ஜி அலைவரிசைப் பட்டை (பேண்ட்). 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் இதில் 3300–3670 பகுதியை இந்திய அரசு 2022-இல் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த நிறுவனங்களின் சேவை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்குத்தானே என்று ஓர் ஆன்டெனாவை மாட்டி அந்த அலைவரிசையில் அலையை வெளியே விடக் கூடாது. அது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரத்தில் அவருடைய போனுக்கு நம்மால் இடைஞ்சல் வரலாம் என்ற எண்ணமே போதும், கையைக் கட்டிப்போட.

தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு சோதனை உரிமம் வழங்குகிறது. அலையை வெளியே விடும் சோதனை, வெளியே விடாத சோதனை என்று அதில் வகை உண்டு. நிறுவனத்தின் பெயரில் இரண்டாவது வகைக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கினோம். கேபிள் வழியாகச் செய்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நேற்று அளந்ததையே இன்றும் அளக்கலாம். ஆள் குறுக்கே நடந்தார், ஜன்னல் திறந்திருந்தது என்ற காரணங்களுக்கே இடமில்லை. தாமதத்தைத் தேடுகிற வேலைக்கு இது பெரிய வசதி.

சாதாரணப் போனில் கேபிள் மாட்ட இடம் கிடையாது. அதனால் போனுக்குப் பதில் குவெக்டெல் ஆர்எம்520என் என்ற 5ஜி மோடம் மாட்யூலை எடுத்தோம். போனுக்குள் இருக்கும் அதே வகை மோடம்தான், ஆனால் நான்கு ஆன்டெனா கனெக்டர்கள் வெளியே தெரியும். யுஎஸ்பி பலகையில் செருகி ஒரு மடிக்கணினியோடு இணைத்துவிட்டால், ஏடி கட்டளைகளால் அதனிடம் நேரடியாகப் பேசலாம். பேஸ் ஸ்டேஷன் பக்கம் யுஎஸ்ஆர்பி பி210 என்ற மென்பொருள் ரேடியோ பலகை. 70 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. அதை இயக்குவது அயர்லாந்தின் கார்க் நகரில் உருவான எஸ்ஆர்எஸ்ரான் மென்பொருள். சந்தாதாரரைச் சரிபார்த்து, ஐபி முகவரி தந்து, தரவைக் கடத்தும் மையப் பகுதியான கோர் வலையமைப்புக்கு ஓப்பன்5ஜிஎஸ். இரண்டும் திறமூலம், இரண்டும் ஒரே லினக்ஸ் மேசைக்கணினியில்.

கேபிளை மாட்டும் முன்னால் கணக்குப் போட வேண்டும். இந்தப் படியில் அவசரப்பட்டால் பலகை போய்விடும். பி210-இன் ஏற்பி தாங்கும் உச்ச அளவு −15 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபலில் சொல்லும் சக்தி அளவு). மோடம் இந்தப் பேண்டில் 26 டிபிஎம் வரை அனுப்பக்கூடியது. நடுவில் குறைந்தது 41 டெசிபல் குறைப்பு இல்லாமல் இரண்டையும் இணைக்கவே கூடாது. நாங்கள் அமைத்த வழி இது: பி210-இன் அனுப்பும் போர்ட்டில் 20 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி), பெறும் போர்ட்டில் இன்னொரு 20, இரண்டையும் இருவழி ஸ்பிளிட்டரில் சேர்த்து, அங்கிருந்து மோடம் வரை போகும் பொதுக் கேபிளில் 30. மோடத்திலிருந்து ஏற்பிக்கு வரும்போது 30, ஸ்பிளிட்டரில் மூன்றரை, அப்புறம் 20. ஆக 26 டிபிஎம் என்பது −27 அருகே வந்து நிற்கும். அனுப்பும் பக்கத்தில் எதற்கு 20 என்று ஒரு மாணவி கேட்டாள். ஸ்பிளிட்டரின் இரண்டு கிளைகளுக்கும் நடுவே 20 டெசிபல் அளவுக்குத்தான் தடுப்பு இருக்கிறது. பி210 முழு மூச்சில் 10 டிபிஎம் அனுப்பினால், வேறு அட்டெனுவேட்டர் எதுவும் இல்லாதபோது, அதன் சொந்தச் சத்தமே −10 ஆகி அதன் காதையே பழுதாக்கிவிடும்.

எதிர்த்திசைக்கும் அதே கணக்கு. சேனல் முழுவதும் நிரம்பி ஓடும்போது பி210-இன் வெளியீட்டை 0 டிபிஎம்மில் வைத்தோம். வழியில் அட்டெனுவேட்டர், ஸ்பிளிட்டர், கேபிள் இழப்பெல்லாம் சேர்த்து 55 டெசிபல் கழியும். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 612 சப்கேரியர்கள் (சேனலைப் பிரித்த சிறு துணை அலைகள்) இருக்கின்றன. ஒரு சப்கேரியரின் பங்கைக் காண இன்னும் 28 கழிக்க வேண்டும். −83 வர வேண்டும். மோடத்திடம் கேட்டபோது அது சொன்ன ஆர்எஸ்ஆர்பி (ஒரு சப்கேரியரில் வந்து சேரும் சக்தி) −84. தாளில் போட்ட கணக்கும் கருவி சொன்ன எண்ணும் ஒரு டெசிபல் வித்தியாசத்தில் உட்கார்ந்ததைப் பார்த்த மாணவர்கள், அதற்குப் பிறகு லிங்க் பட்ஜெட் பாடத்தைப் பார்த்த விதமே வேறு.

மோடத்தின் பயன்படாத போர்ட்களில் 50 ஓம் டெர்மினேட்டர் போட்டோம். மாட்யூலை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். பெட்டிக்கு வெளியே ஸ்பெக்ட்ரம் அனலைசரை வைத்து அறை முழுக்கத் தேடி, எங்கும் எங்கள் அலை கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

சிம், கோர், அடையாளம்

ஓப்பன்5ஜிஎஸ் நிறுவுவது எளிது. ஏஎம்எஃப், எஸ்எம்எஃப், யுபிஎஃப் என்று ஒரு டஜன் சிறு நிரல்கள் தனித்தனியாக ஓடும். சந்தாதாரர் விவரம் மாங்கோடிபி தரவுத்தளத்தில் இருக்கும். வலையமைப்பு எண்ணாக, சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட 001-01 கொடுத்தோம். பேஸ் ஸ்டேஷன் பக்கம் எழுதும் பகுதிக் குறியீடும் ஸ்லைஸ் எண்ணும் கோர் பக்கம் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் முதல் கைகுலுக்கலே நடக்காது.

சிம்தான் நேரம் தின்றது. நாமே எழுதக்கூடிய சிம் கார்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அதில் ஐஎம்எஸ்ஐ எண் (சந்தாதாரரின் அடையாள எண்), ரகசியச் சாவி, ஓபிசி ஆகியவற்றை எழுதி, அதையே கோரிலும் பதிய வேண்டும். ஓபி, ஓபிசி என்று இரண்டு உண்டு. ஓபி வலையமைப்புக்குப் பொதுவானது, ஓபிசி அதிலிருந்தும் கார்டின் சாவியிலிருந்தும் கணக்கிட்டுப் பெறுவது. எது கையில் இருக்கிறது என்று பார்த்து அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும். மாறிவிட்டால் சிம் வலையமைப்பையே ஏற்காது. கோரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ‘மேக் ஃபெயிலியர்’ என்று வரும்.

இந்த மறுப்பைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. 2ஜி-யில் வலையமைப்பு போனைச் சோதிக்கும், போன் வலையமைப்பைச் சோதிக்காது. போலிக் கோபுரம் வைத்து ஒட்டுக் கேட்க அதுவே வழியாயிற்று. 3ஜி முதல் சிம்மும் திருப்பிக் கேட்கிறது: நீ யார், நிரூபி.

அடுத்து வந்தது இன்னொரு சிக்கல். “சார், செல் தெரியுது. ஆனா ரிஜிஸ்டர் ஆக மாட்டேங்குது” என்றான் ஒரு மாணவன். ஏடி கட்டளையில் செல் தெளிவாகத் தெரிந்தது, சிக்னல் −84-இல் உறுதியாக நின்றது. பேஸ் ஸ்டேஷன் லாகைத் திறந்தால் மோடத்திலிருந்து ஒரு தட்டல்கூட வந்திருக்கவில்லை. ‘பிராக்’ என்ற முதல் அழைப்பே இல்லை. இப்படி வந்தால் ரேடியோவைக் குடைய வேண்டாம். மோடம் உள்ளுக்குள்ளேயே எதற்காகவோ நின்றுவிட்டது என்று பொருள்.

காரணம் சுசி. 4ஜி வரை ஒரு போன் புதிய வலையமைப்பில் முதன்முதலாகச் சேரும்போது தன் ஐஎம்எஸ்ஐ எண்ணைத் திறந்த வெளியில் சொல்லிவிடும். அதைப் பிடித்தே ஆளைப் பின்தொடரலாம். 5ஜி-யில் அந்த எண்ணைச் சொந்த வலையமைப்பின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புகிறார்கள், அதுதான் சுசி. எங்கள் சிம்மின் சேவைப் பட்டியலில் 124, 125 என்ற இரண்டும் ‘உண்டு’ என்று குறிக்கப்பட்டிருந்தன. சுசியைச் சிம்மே கணக்கிடும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் கணக்கிடத் தேவையான பொதுச் சாவி கார்டில் இல்லை. மோடம் சிம்மைக் கேட்கிறது, சிம்மால் தர முடியவில்லை, மோடம் பேசாமல் இருந்துவிடுகிறது. பைசிம் கருவியால் அந்த இரண்டு சேவைகளையும் அணைத்ததும் மோடம் உடனே பதிவாகி 10.45 என்று தொடங்கும் ஐபி முகவரியை வாங்கிக்கொண்டது. கார்டில் எழுதும் முன் அதன் நிர்வாகச் சாவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில முறை தவறினாலே கார்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

கடிகாரம்

தாமதத்தை அளக்கப் போகும் முன் வலையமைப்பு நிலையாக நிற்க வேண்டும். பி210-இன் உள் கடிகாரத்தின் துல்லியம் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வரை விலகலாம். எங்கள் மைய அலைவரிசை 3489.42 மெகாஹெர்ட்ஸ். அங்கே அந்த விலகல் 7 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. சப்கேரியர்களுக்கு இடையே இருப்பதே 30 கிலோஹெர்ட்ஸ்தான். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதிப்படி சிறிய பேஸ் ஸ்டேஷன்கூட 0.1 பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும், அதாவது 350 ஹெர்ட்ஸ். பலகை சூடேற ஏற மோடம் செல்லைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. ஜிபிஎஸ் துணையோடு 10 மெகாஹெர்ட்ஸ் தரும் சிறு கடிகாரப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் ஆன்டெனாவை ஜன்னல் ஓரத்தில் வைத்து, பி210-இன் வெளிக் கடிகார நுழைவில் கொடுத்தோம். தொந்தரவு அன்றோடு தீர்ந்தது. பணத்தைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு ஸ்லாட், அதாவது அனுப்பும் நேரத்தின் ஓர் அலகு, அரை மில்லி விநாடி. அந்த அரை மில்லி விநாடிக்குள் கணினி அடுத்த ஸ்லாட்டைத் தயாரித்துப் பலகையிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாமல் போகும்போது திரையில் ‘எல்’, ‘யு’ என்று எழுத்துகள் கொட்டும். எல் என்றால் தாமதமாக வந்தது, யு என்றால் வரவே இல்லை. கணினியின் பவர் சேமிப்பு வசதிகள்தான் இங்கே எதிரி. வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் வேகத்தைக் குறைத்துத் தூங்கப் போகும், எழுந்து வருவதற்குள் ஸ்லாட் போய்விடும். பிராசசரை எப்போதும் முழு வேகத்தில் இருக்கும்படி ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் பூட்டி, ஆழ்ந்த உறக்க நிலைகளை பயாஸில் அணைத்ததும் எழுத்துகள் நின்றன. யுஎஸ்பி 3 போர்ட்டில்தான் மாட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு 2.304 கோடி மாதிரிகள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் ஒரு திசைக்கே 92 மெகாபைட். யுஎஸ்பி 2-இன் மொத்தக் கொள்ளளவே 60 மெகாபைட்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆன்டெனா வழி, 20 மெகாஹெர்ட்ஸ், 64 க்யூஏஎம் பண்பேற்றம். வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரல் காட்டிய டவுன்லிங்க் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து மோடத்துக்கு) வேகம் விநாடிக்கு 48 மெகாபிட். தாளில் கணக்கிட்டால் 53 அருகே வரும். சரி, இது போதும்.

38-ஐப் பிரித்துப் பார்த்தல்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மடிக்கணினியிலிருந்து மோடம் வழியாகக் கோரின் 10.45.0.1 முகவரிக்கு விநாடிக்கு ஒரு பிங். சராசரி 38, ஆனால் பெரும்பாலானவை 25-க்கும் 48-க்கும் நடுவே ஆடின. இந்த ஆட்டம்தான் முதல் தடயம். கணினி மெதுவாக இருந்திருந்தால் எல்லாம் ஒரே மாதிரி மெதுவாக வந்திருக்கும். இவ்வளவு ஆட்டம் இருந்தால் எங்கோ ஒரு காத்திருப்பு இருக்கிறது, வந்து சேரும் நேரத்தைப் பொறுத்து அது நீள்கிறது அல்லது குறைகிறது.

இரண்டாவது சோதனை மிக எளியது. பிங்கை விநாடிக்கு ஒன்று என்பதற்குப் பதில் 10 மில்லி விநாடிக்கு ஒன்று என்று மாற்றினோம். வலையமைப்புக்கு வேலை நூறு மடங்கு கூடியது. தாமதமோ 16-க்கு இறங்கியது. வேலை கூடினால் தாமதம் கூடும் என்று எதிர்பார்த்த மாணவர்கள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். டவுன்லிங்க்கில் பேஸ் ஸ்டேஷனுக்கே எல்லாம் தெரியும். பாக்கெட் வந்ததும் அடுத்த ஸ்லாட்டில் அனுப்பிவிடும். மோடத்திலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்குப் போகும் அப்லிங்க்கில் அப்படி இல்லை. மோடம் தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. முதலில் ‘என்னிடம் அனுப்ப ஏதோ இருக்கிறது’ என்று ஒரு சிறு வேண்டுகோள் விட வேண்டும். அதன் பெயர் ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட், சுருக்கமாக எஸ்ஆர். அதையும் நினைத்த நேரத்தில் விட முடியாது, அதற்கென்று குறித்துக் கொடுத்த ஸ்லாட்டில்தான் விடலாம். பேஸ் ஸ்டேஷன் அதைப் பார்த்து ஒரு சிறிய இடம் ஒதுக்கும். மோடம் அந்தச் சிறிய இடத்தில் ‘இத்தனை பைட் இருக்கிறது’ என்று சொல்லும். அப்புறம்தான் முழு இடம் கிடைக்கும், அப்புறம்தான் பாக்கெட் கிளம்பும். ரேஷன் கடையில் டோக்கனுக்கு ஒரு வரிசை, பொருளுக்கு இன்னொரு வரிசை என்று நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஏற்கெனவே வரிசையில் நிற்பவர் அடுத்த டோக்கனையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம். பிங்கை அடுத்தடுத்து அனுப்பியபோது தாமதம் குறைந்ததற்கு அதுதான் காரணம். போகும் பாக்கெட்டோடு அடுத்ததற்கான வேண்டுகோளும் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது.

எஸ்ஆர்எஸ்ரானில் எஸ்ஆர் வாய்ப்பு 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை வரும்படி வைத்திருந்தோம். சராசரியாக அதில் பாதி, 10 மில்லி விநாடி, வேண்டுகோள் விடுவதற்கே போகிறது. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு எண்ணை 5 ஆக்கினோம். சராசரி 25-க்கு வந்தது, ஆட்டமும் வெகுவாகச் சுருங்கியது. எதிர்பார்த்த ஏழரையைவிடக் கூடுதலாகக் குறைந்ததை லாகில் தேடினோம். 20 மில்லி விநாடிக் காலத்தில், வேண்டுகோள் ஒரு முறை சரியாகக் கேட்காமல் போனால் அடுத்த வாய்ப்புக்கு இன்னொரு 20 காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட வால் இப்போது இல்லை.

அப்படியென்றால் எல்லா நிறுவனங்களும் 5 வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எங்கள் செல்லில் இருப்பது ஒரே மோடம். ஊர்ச் செல்லில் நூற்றுக்கணக்கானவர்கள். ஒவ்வொருவருக்கும் அடிக்கடி எஸ்ஆர் இடம் ஒதுக்கினால், பேச ஒன்றுமில்லாதவர்களுக்காக வைத்த காலி இடமே அப்லிங்க்கைத் தின்றுவிடும். யாருக்கு எப்போது இடம் என்று முடிவு செய்யும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். இந்தப் பேரம்தான் ஷெட்யூலர் ஆராய்ச்சியின் மையம். யார் எப்போது பேசுவார் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் காலி இடம் வைக்க வேண்டியதில்லை. இந்த ஊகத்தை இயந்திரக் கற்றலிடம் கொடுத்துப் பார்ப்பவர்கள் இன்று பலர்.

மீதி 25-ஐயும் விடவில்லை. கையில் அனுமதி கிடைத்ததிலிருந்து அனுப்புவதற்கு 4 ஸ்லாட் இடைவெளி, அதாவது 2 மில்லி விநாடி. இரண்டு முறை அனுமதி வாங்குவதால் அது 4. ஆனால் லாகில் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, ஒவ்வொரு படிக்கும் கணக்குப்படி வர வேண்டியதைவிட 2, 3 மில்லி விநாடி கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் டிடிடி என்ற நேரப் பங்கீடு.

என்78-இல் அனுப்பவும் பெறவும் ஒரே அலைவரிசைதான். நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் அமைப்பில் 10 ஸ்லாட் கொண்ட 5 மில்லி விநாடிச் சுற்று. முதல் 6 ஸ்லாட் டவுன்லிங்க், நடுவில் மாறுவதற்கு ஒன்று, கடைசி 3 அப்லிங்க். வேண்டுகோளோ பாக்கெட்டோ, அப்லிங்க் ஸ்லாட் முடிந்த மறுகணம் வந்து சேர்ந்தால் மூன்றரை மில்லி விநாடி சும்மா நிற்க வேண்டியதுதான். எவ்வளவு வேகமான பிராசசரும் இங்கே உதவாது. ஒரு வழித் தாமதம் 1 மில்லி விநாடி என்பது இந்தச் சுற்றில் எப்போதும் கிடைக்கும் என்று உறுதி தரவே முடியாது. மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

சுற்றைச் சுருக்கினோம். 5 ஸ்லாட், இரண்டரை மில்லி விநாடி: மூன்று டவுன்லிங்க், ஒன்று மாறுவதற்கு, ஒன்று அப்லிங்க். பிங் சராசரி 17-க்கு இறங்கியது. அப்லிங்க் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அது இந்தப் பங்கீட்டின் விலை. எங்கள் பெட்டிக்குள் இதை ஒரு வரி மாற்றி எழுதிச் செய்துவிடலாம். வெளியே முடியாது. பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் இருக்கும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே சுற்றில், ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒருவர் அனுப்பும் நேரத்தில் இன்னொருவர் பெற முயன்றால், பல பத்து வாட் சத்தத்துக்கு நடுவே ஒரு போனின் 200 மில்லிவாட் காதில் விழாது.

1 மில்லி விநாடி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தேடிப் படித்தோம். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 5ஜி-க்கு வைத்த தேவைகளில், அதிநம்பகச் சேவைக்கு 1 மில்லி விநாடி, சாதாரண அகண்ட அலைச் சேவைக்கு 4 என்று இருக்கிறது. இரண்டுமே ஒரு வழி, ரேடியோப் பகுதி மட்டும், கூட்டமே இல்லாத செல்லில். அதை எட்டும் கருவிகளும் 5ஜி விதிகளுக்குள் இருக்கின்றன. வேண்டுகோளே இல்லாமல் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைப்பது ஒன்று, முழு ஸ்லாட்டுக்குக் காத்திருக்காமல் 2 அல்லது 4 சிம்பலிலேயே (ஸ்லாட்டின் சிறு துண்டுகள்) அனுப்பும் மினி ஸ்லாட் இன்னொன்று. இரண்டும் அலைக்கற்றையை வீணாக்கித்தான் நேரத்தை வாங்குகின்றன. ஒரு தொழிற்சாலை ரோபோவுக்கு அது தகும், நம் போனில் வீடியோ பார்க்க எதற்கு?

2023 நவம்பரில் ஐடியு ஒப்புக்கொண்ட ஐஎம்டி-2030 சட்டகம், அதாவது 6ஜி-யின் முதல் வரைவு, ரேடியோ தாமதத்துக்கு 0.1 முதல் 1 மில்லி விநாடி வரை என்ற ஆய்வு இலக்கை வைக்கிறது. அந்த எண்ணை மட்டும் சுவரொட்டியில் போடுவதை நான் விரும்பவில்லை. எங்கள் மேசையில் 38-லிருந்து 17 வரை வந்ததில் ஒரு மில்லி விநாடிகூடப் புது ஆன்டெனாவாலோ உயர்ந்த அலைவரிசையாலோ வந்தது இல்லை. எல்லாம் காத்திருப்பைக் குறைத்து வந்தது. டெராஹெர்ட்ஸ் என்ற மிக உயர்ந்த அலைவரிசைகளைப் படிக்க ஆசைப்படும் மாணவர் ஷெட்யூலரையும் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த அடிப்படை வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் உள்ள செவிட் என்ற வயர்லெஸ் ஆய்வு அமைப்பும் ஹைதராபாத் ஐஐடியும் பங்களித்த 5ஜிஐ என்ற இந்தியத் தரம், 6 கிலோமீட்டர் இடைவெளியில் கோபுரம் வைத்து ஊர்ப்புறத்தைத் தொடும் நோக்கத்தில் எழுதப்பட்டது. அதன் முக்கியக் கூறுகள் பின்னர் 3ஜிபிபி-யின் 17-ஆம் வெளியீட்டோடு சேர்ந்தன. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் கட்டிய 5ஜி டெஸ்ட்பெட் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. பெரிய கருவி வேண்டிய சோதனையை அங்கே கொண்டுபோய்ச் செய்யலாம். ஆனால் அங்கே போகும் முன் கேள்வி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மேசை.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு

பி210 வாங்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஜீரோஎம்க்யூ என்ற வழியில், ரேடியோவே இல்லாமல் பேஸ் ஸ்டேஷனையும் போனையும் ஒரே மடிக்கணினிக்குள் ஓட்டலாம். ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய மாதிரிகள் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகும். போன் பக்கத்துக்கு எஸ்ஆர்எஸ்ரானின் பழைய 4ஜி தொகுப்பில் இருக்கும் எஸ்ஆர்எஸ்யுஇ போதும். அதற்கு 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியும், அனுப்பவும் பெறவும் தனித்தனி அலைவரிசை வைக்கும் எஃப்டிடி-யும்தான் தெரியும், அதனால் என்78-ஐ விட்டுவிட்டு என்3 பேண்டுக்கான மாதிரிக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்லிங்க் எண் 368500, அதாவது 1842.5 மெகாஹெர்ட்ஸ். அலை எதுவும் வெளியே போகாததால் உரிமத் தொல்லை கிடையாது.

முதலில் கோரை மட்டும் ஓட்டி லாகைப் படித்துப் பழகுங்கள். அடுத்து பேஸ் ஸ்டேஷன் கோரோடு சேர்கிறதா என்று பாருங்கள், அப்புறம் போனைச் சேருங்கள். பிங் ஓடியதும் விநாடிக்கு ஒன்று, 100 மில்லி விநாடிக்கு ஒன்று, 10-க்கு ஒன்று என்று இடைவெளியை மாற்றி மூன்று சராசரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக எஸ்ஆர் காலத்தை மாற்றி அதே மூன்றையும் மறுபடி எடுங்கள். எஃப்டிடி-யில் அப்லிங்க் எப்போதும் திறந்தே இருக்கும் என்பதால் டிடிடி காத்திருப்பு அங்கே வராது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் மாற்றத்தின் பெரும்பகுதி எஸ்ஆரால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.